ஒரு சொல்லுக்காகத் திரும்பிப் போனவர்

தேர்வு முடிந்து விடைத்தாளைக் கொடுத்துவிட்டால் நாங்கள் நேரே கேன்டீனுக்குப் போவோம். அக்கா மட்டும் பாதி வழியில் நின்று, மறுபடி தேர்வறைக்குள் போவார்.

"சார், மூணாவது பக்கத்துல ஒரே ஒரு சொல். அதை மட்டும் மாத்திட்டுத் தந்துடறேன்."

"குடுத்தா குடுத்ததுதானுங்க. வெளிய போங்க" என்பார் கண்காணிப்பாளர்.

அக்கா போகமாட்டார். தாள்களை அடுக்கி, நூல் போட்டுக் கட்டி, அரக்கு வைக்கும் வரை கதவோரம் நின்று தன் தாள் எந்த அடுக்கில் போகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார். முதல் பருவத்தில் அப்படி நின்றது எந்தச் சொல்லுக்காக என்று கேட்டேன். 'ஆனாலும்' என்று எழுதிவிட்டாராம். 'இருந்தாலும்' என்றுதான் வந்திருக்க வேண்டுமாம். அந்த வித்தியாசத்தை எனக்கு விளக்கிக்கொண்டே கேன்டீனில் அவர் டீயை ஆறவிட்டார். எனக்கு அன்று புரியவில்லை. புரிந்துகொள்ள அக்கறையும் இல்லை.

தொண்ணூறுகளின் நடுவில், கோவையில் ஒரு பல்கலைக்கழகத்தில், மொழிபெயர்ப்பியல் என்ற புதிய முதுகலைப் படிப்பில் சேர்ந்திருந்தோம். இரண்டு பண்பாடுகளுக்கு நடுவில் பேச்சு எப்படிப் போய்ச் சேருகிறது என்பதும் பாடத்தில் உண்டு. அதைப் படித்து என்ன வேலைக்குப் போவது என்று சேர்த்துவிட்டவர்களுக்கும் தெரியாது, சேர்ந்தவர்களுக்கும் தெரியாது. நான் பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் தென்னந்தோப்பு வீட்டுப் பெண். கல்யாணம் கூடும் வரை ஏதாவது படிக்கட்டும் என்று அனுப்பினார்கள். அக்கா வால்பாறையில் ஒரு தேயிலை எஸ்டேட்டிலிருந்து வந்தவர். எங்களைவிட ஆறேழு வயது மூத்தவர். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் சில வருடங்கள் உதவியாளராக இருந்துவிட்டு, அஞ்சல் வழியில் பட்டம் வாங்கிப் படிக்க வந்திருந்தார். வகுப்பில் எல்லோருக்கும் அவர் அக்காதான். நானும் அவரும் விடுதியில் ஒரே அறை.

உயரமான, ஒல்லியான உருவம். கையில் ஆண்கள் கட்டும் பெரிய கடிகாரம். நாற்காலியின் விளிம்பில்தான் உட்காருவார். வலது கால் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தில் மேசையும், மேசைமேல் இருக்கும் என் தண்ணீர் டம்ளரும் சேர்ந்து ஆடும். சாப்பாட்டைக்கூடப் பாதி நேரம் நின்றுகொண்டுதான் சாப்பிடுவார். யாரோ எங்கோ அவருக்காகக் காத்திருப்பதுபோல இருக்கும். யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

முதல் வாரம் வகுப்பில் எல்லோரும் தங்களைப் பற்றிச் சொன்னோம். பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பையன் எழுந்து, "இந்தப் படிப்பு எனக்குக் கிடைச்ச நல்ல அவசரம்" என்றான். வகுப்பே சிரித்தது. அவன் முகம் சிவந்துவிட்டது. மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு. வீட்டில் தெலுங்கு பேசும் மில்காரர் குடும்பத்துப் பெண் ஒருத்தி, "எங்கூட்ல அவசரம்னா தேவைங்க" என்றாள். அக்கா உட்கார்ந்த இடத்திலேயே துள்ளினார். "அப்ப நமக்கு மட்டுந்தான் அது ஓட்டமா?" என்றார்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் யாரோ என் போர்வையை இழுத்தார்கள்.

"அம்மணி, எந்திரி. நேத்து நான் சொன்னது தப்பு."

"என்னதுங்க்கா?"

"நமக்கு மட்டும்னு சொன்னேன்ல. கன்னடத்துலயும் அவசரம்னா ஓட்டந்தான். மெஸ்ஸுல சமைக்கிற அம்மாகிட்டக் கேட்டேன்."

அதற்காகத்தான் எழுப்பினார். அன்றைக்கு அந்தத் தெலுங்குப் பெண்ணையும், பாலக்காட்டுப் பையனையும், ஏன், வகுப்பில் முந்தின நாள் இருந்த ஒவ்வொருவரையும் தேடிப் போய் இதைச் சொல்லிவிட்டு வந்தார். ஒருவன் காய்ச்சலில் ஊருக்குப் போயிருந்தான். அவனுக்கு ஒரு அஞ்சலட்டை போட்டார்.

ஒரு சனிக்கிழமை எங்கள் வீட்டுக்குக் கூட்டிப் போனேன். அம்மா விருந்து வைத்தாள். "சமையல் எப்படி இருக்குதுங்க கண்ணு?" என்று கேட்டதற்கு அக்கா, "நல்லா இருக்கும்மா" என்றார். கைகழுவிவிட்டு வந்து திண்டாடிக்கொண்டு நின்றார். பிறகு சமையற்கட்டுக்குப் போய், "குழம்புல மட்டும் உப்பு ஒரு கல்லு கூடம்மா. நல்லா இருக்குன்னு சொல்லிட்டேன். மனசுக்கு ஒருமாதிரியா இருக்கு" என்றார். அம்மா என்னைப் பார்த்தாள். எனக்குத் தரைக்குள் போய்விடலாம்போல இருந்தது. ஆனால் அம்மா சிரித்துவிட்டாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும், "அந்த உப்புக்காரப் புள்ளயக் கூட்டியாரலயா?" என்று கேட்பாள்.

அன்று எங்கள் வீட்டுக்கு நிலத்துப் பங்காளி ஒருவர் வந்து அப்பாவிடம் ஏதோ உதவி கேட்டார். அப்பா, "பாக்கலாமுங்க" என்றார். வந்தவர் எழுந்து, "சரிங்க, வாரனுங்க" என்று போய்விட்டார். அக்கா என்னிடம் ரகசியமாக, "எப்பப் பார்க்கறதுன்னு கேக்காமப் போறாரே?" என்றார்.

"அக்கா, அப்பா முடியாதுன்னு சொல்லிப்போட்டாருங்க."

"பாக்கலாம்னுதான சொன்னாரு?"

"அதுதானுங்க முடியாது."

அக்கா தன் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். பிறகு, "உங்க ஊர்ல யாரும் இல்லைன்னு வாய்விட்டே சொல்லமாட்டீங்களா? எல்லாத்துக்கும் ஒரு 'ங்க' போட்டு மூடிருவீங்களா?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. பயந்துபோனவர் கேட்பதுபோல இருந்தது.

ஏன் இப்படி அலைகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். துணி மடித்துக்கொண்டே சொன்னார். எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக ஒரு மலையாள டாக்டர் வந்திருந்தாராம். கொழுந்து பறிக்கிற ஒரு பெண் வந்து மயக்கமாக வருகிறது என்றிருக்கிறாள். அக்காவுக்கு அப்போது பத்தொன்பது வயது. டாக்டருக்குப் புரியும் என்று நினைத்து, அதே சொல்லை அப்படியே மலையாள வாக்கியத்துக்குள் வைத்துச் சொல்லியிருக்கிறார். மலையாளத்தில் மயக்கம் என்றால் தூக்கக் கலக்கம். நன்றாகத் தூங்கச் சொல்லுங்கள் என்று ஒரு சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார் டாக்டர்.

"மத்தியானம் மேட்டுல இருந்து உருண்டு விழுந்தாங்க. கீழ பாறை. இடுப்பு எலும்பு போச்சு. அதுக்கப்புறம் கூடை தூக்கல." மடித்த துணியை உதறி மறுபடி மடித்தார். "எனக்கு ரெண்டும் தெரியும், அம்மணி. தமிழ் மயக்கமும் தெரியும், மலையாள மயக்கமும் தெரியும். அந்த நேரத்துல தோணல. சாயங்காலம் தோணிச்சு."

இதனால்தான் அக்கா அப்படி ஆனார் என்று நான் பல வருடம் நம்பினேன். அது முழுக்கச் சரியில்லை என்பது பிறகு தெரிந்தது. அதைச் சொல்வதற்கு முன்னால் திருப்பூரில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

இரண்டாம் ஆண்டில், வெளிநாட்டுக்காரர்கள் வந்தால் பேச்சை மொழிபெயர்க்க எங்கள் துறையிலிருந்து மாணவர்களை அனுப்புவார்கள். அதற்கென்று ஒரு பட்டியல் இருந்தது. அக்காவின் பெயர்தான் அதில் முதலில் இருக்கும். அந்த முறை அழைப்பு என் தாய்மாமாவிடமிருந்து வந்தது. திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருந்தார். அவரிடம் சரக்கு எடுக்கும் ஐரோப்பியக் கம்பெனியிலிருந்து ஒரு அம்மையார் வருகிறார், வேலை செய்யும் இடத்தைப் பார்ப்பார், தொழிலாளர்களிடம் தனியாகப் பேசுவார் என்றார்கள். துறை என்னையும் அக்காவையும் அனுப்பியது. அம்மையாரின் ஆங்கிலத்தை அக்கா தமிழில் சொல்வது, தொழிலாளர்களின் தமிழை நான் ஆங்கிலத்தில் சொல்வது என்று ஏற்பாடு.

மாமா வீட்டில் காலைச் சாப்பாடு. அத்தை அக்காவுக்குப் பார்த்துப் பார்த்துப் பரிமாறினாள். மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டு எதுவும் சொல்லவில்லை. அதை நான் சொல்லியாக வேண்டும். "நல்லபடியா முடிச்சுக்குடு கண்ணு" என்று எல்லோர் முன்னாலும்தான் சொன்னார்.

மாடியில் தைத்த துணியைச் சரிபார்க்கும் பகுதி. நாற்பது ஐம்பது பெண்கள். ஒரே மாடிப்படி, அதன் கீழே ஒரு இரும்பு ஷட்டர். அன்றைக்கு அது முழுக்கத் திறந்திருந்தது. ஒரு மூலையில் மேசை போட்டு ஒவ்வொருவராக வரச் சொன்னார்கள். மாமா வெளியே போய்விட்டார். மேஸ்திரி மட்டும் கொஞ்சம் தள்ளி நூல்கண்டுகளை எண்ணுவதுபோல நின்றார்.

ஏழாவதோ எட்டாவதோ ஒரு பெண் வந்தாள். தாராபுரத்துப் பக்கம். பதினெட்டு, பத்தொன்பது வயதிருக்கும். நீங்கள் வேலை செய்யும்போது கீழ்க்கதவு எப்போதும் திறந்திருக்குமா என்று அம்மையார் கேட்டார். அக்கா அதைத் தமிழில் கேட்டார். அந்தப் பெண் மேஸ்திரியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"பூட்டியிருந்தாலும் பரவாயில்லீங்க. பழகிப்போச்சுங்க" என்றாள்.

நான் அம்மையாரிடம், "அதில் தனக்குப் பிரச்சினை எதுவும் இல்லை என்கிறாள்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

அம்மையார் குறித்துக்கொண்டார். மேசைக்குக் கீழே ஆடிக்கொண்டிருந்த அக்காவின் கால் நின்றது. அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் அடுத்த பெண்ணைக் கூப்பிட்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில் இடம் இருந்தும் அக்கா உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு என் தலைக்கு மேலே நின்று பேசினார்.

"அந்தப் பொண்ணு பூட்டுன்னு சொல்லிச்சு. நீ பூட்டை விட்டுட்ட."

"பரவாயில்லீங்கன்னுதானுங்க அக்கா சொன்னா."

"பூட்டியிருந்தாலும்னு சொன்னா. பரவாயில்லைன்னா பூட்டே இல்லைன்னு அர்த்தமா? உள்ள தீப்பிடிச்சா?"

"மெதுவாப் பேசுங்க்கா. அவரு எங்க மாமாங்க. ஆர்டர் போச்சுன்னா அந்தப் புள்ளைகளுக்கே வேலையில்லீங்க. நீங்க சொல்லி, யாரு சொன்னதுன்னு தெரிஞ்சு, அந்தப் புள்ளைய நிறுத்திப்போட்டாங்கன்னா?"

நான் சொன்னதில் நியாயம் இருந்தது. இன்றும் அதில் நியாயம் இருப்பதாகவே நினைக்கிறேன். ஆனால் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தபோது அந்த நியாயம் எனக்குத் தோன்றியிருக்கவில்லை. பஸ்ஸில்தான் தோன்றியது.

அவிநாசியில் பஸ் நின்றதும் அக்கா இறங்கிவிட்டார். சாலையைக் கடந்து, திருப்பூர் போகும் பஸ்ஸுக்காக நின்றதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அம்மையார் கோவையில் ஒரு ஓட்டலில் தங்கியிருந்தார். அவரைப் பார்க்க வேண்டுமென்றால் அக்கா என்னோடுதான் வந்திருக்க வேண்டும். எதிர்த் திசையில் ஏன் போகிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

அவர் போனது அந்தப் பெண்ணைத் தேடி. வேலை விடும் நேரத்தில் கம்பெனி வாசலுக்குக் கொஞ்சம் தள்ளி நின்று, அவளோடு கூடவே நடந்து போய்க் கேட்டிருக்கிறார். அறைக்கு வந்ததும் சேலைகூட மாற்றாமல் எனக்கு அதைச் சொன்னார்.

"அவகிட்ட, 'நீ சொன்னதை நாங்க சரியாச் சொல்லல. நாளைக்குப் போய்த் திருத்தட்டுமா, வேண்டாமா?'ன்னு கேட்டேன். யோசிச்சா. திருத்துங்க, எம்பேரை மட்டும் சொல்லாதீங்கன்னா. அப்புறம், 'நாஞ் சொன்னது சொன்னதுதானுங்களே, அதை எதுக்கு மாத்துனீங்க?'ன்னு கேட்டா."

நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். காலையில் எழுந்தபோது அக்கா ஓட்டலுக்குக் கிளம்பிப் போயிருந்தார்.

ஒரு வாரம் எதுவும் நடக்கவில்லை. அந்த ஒரு வாரத்தில் நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன். மாமா காரில் வந்து இறங்கினார். கையில் சுருட்டிய ஃபேக்ஸ் தாள். கம்பெனி ஆட்களிடம் படிக்கக் கொடுக்க அவருக்கு மனமில்லை.

"இதை வரிவரியாப் படிச்சுச் சொல்லு கண்ணு."

படித்தேன். வந்திருந்த இரண்டு மொழிபெயர்ப்பாளர்களில் ஒருவர் நேரில் வந்து, ஒரு பதில் எங்களுக்குத் தவறாக வந்து சேர்ந்தது என்றும், அந்தத் தவறு தன்னுடையது என்றும் சொன்னார். பதில் யாருடையது என்று சொல்ல மறுத்துவிட்டார். ஆகவே வேறு மொழிபெயர்ப்பாளரோடு மீண்டும் வந்து எல்லோரிடமும் கேட்போம். அதுவரை கதவுகள் எப்போதும் திறந்திருக்க வேண்டும். இப்படி இருந்தது.

ஒரு சொல் விடாமல் சொன்னேன். தவறு தன்னுடையது என்ற இடத்தையும் அப்படியே சொன்னேன்.

"ரண்டு பேருல ஒருத்தருன்னா? போனது யாரு?" என்றார் மாமா.

"நானில்லீங்க மாமா."

அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை. அம்மா எனக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தாள். மாமா, "நம்மூட்ல உக்காந்து சாப்ட்டுப்போட்டு…" என்று ஆரம்பித்து, முடிக்காமல் எழுந்து போனார்.

திங்கட்கிழமை மாமாவின் கம்பெனியிலிருந்து துறைக்குத் தொலைபேசி வந்தது. தவறாக மொழிபெயர்த்ததாகத் தானே ஒப்புக்கொண்டவரை இனி வெளியே அனுப்ப முடியாது என்று துறைத்தலைவர் பட்டியலிலிருந்து அக்காவின் பெயரை எடுத்துவிட்டார். அக்கா எதுவும் மறுத்துப் பேசவில்லை என்றார்கள். அம்மையார் மறுபடி வந்து எல்லோரிடமும் கேட்டார். ஷட்டர் அதன்பிறகு பூட்டப்படவில்லை, பின்பக்கம் இன்னொரு படிக்கட்டும் கட்டினார்கள். அந்தப் பெண் வேலையில் இருந்தாள். மாமாவுக்கு அந்த வருடம் சரக்கு பாதிதான் போயிற்று.

அக்கா என்னோடு பேசாமல் இருக்கவில்லை. மெஸ்ஸுக்குச் சேர்ந்துதான் போனோம். பாடக் குறிப்பு கேட்டால் கொடுத்தார். ஆனால் விடியற்காலையில் என் போர்வையை இழுக்கவில்லை. நேற்று சொன்னது தப்பு என்று சொல்ல வரவில்லை. மற்றவர்களிடம் போனார், என்னிடம் மட்டும் வரவில்லை. அந்தக் கடைசி நான்கு மாதங்களில் பல நாள் நான் முன்னதாகவே விழித்துக்கொண்டு, போர்வைக்குள் அசையாமல் படுத்திருப்பேன்.

தேர்வுகள் முடிந்து ஒரு மாதம் கழித்து, வீட்டில் தோழியைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, பொள்ளாச்சியில் வால்பாறை பஸ் ஏறினேன். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் சொல்ல வேண்டியதை ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். அவர் எனக்காகப் பொய் சொன்னார், என் தவறைத் தன் தலையில் போட்டுக்கொண்டார், அதற்கு நன்றி சொல்லி, மன்னிப்பும் கேட்க வேண்டும். இதுதான் என் மனதில் இருந்தது.

எஸ்டேட்டின் வரிசை வீடுகளில் ஒன்று. அக்கா கடைக்குப் போயிருந்தார். அவருடைய அம்மா பாய் விரித்து உட்காரவைத்தார். மகளைப் பற்றி நான் கேட்காமலே பேசினார்.

"அஞ்சு வயசுல கடைக்கு அனுப்புவேன். கடைக்காரர் என்ன சொன்னார்னு வந்து சொல்லுவா. சொல்லிட்டு, சரியாச் சொன்னமான்னு கேக்கத் திரும்ப அந்தக் கடைக்கே ஓடுவா. ஒரு மைலு மேடு. பொறந்ததுல இருந்தே அப்படித்தாம்மா."

அக்கா வந்தார். என்னைப் பார்த்ததும் ஒரு கணம் நின்று, பிறகு குடையை மடக்கினார். நாங்கள் தேயிலைக்கு நடுவே இருந்த பாதையில் நடந்தோம். அவர் வேகமாக நடந்தார். நான் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னேன்.

"அக்கா, எனக்காகப் பொய் சொல்லிப்போட்டீங்க."

"பொய்யா? என்ன பொய்?"

"தப்பு உங்களுதுன்னு அந்தம்மாகிட்டச் சொன்னீங்கல்லங்க."

"என் தப்பு என்னுதுதான?" அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. "நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். என் காதுல விழுந்துச்சு. அங்கேயே நிறுத்தியிருக்கணும். உங்க அத்தை காலையில எனக்கு அப்படிப் பார்த்துப் பார்த்துப் போட்டாங்க. உன் முகத்தையும் பார்த்தேன். வாய் வரல. அந்தம்மா அடுத்த கேள்விக்குப் போகட்டும்னு விட்டுட்டேன். அதைத்தான் போய்ச் சொன்னேன்."

"அப்ப நான் பண்ணினது?"

"அதை நான் எப்படிச் சொல்லுவேன்? அது நீ சொல்ல வேண்டியது."

நான் நின்றுவிட்டேன். அவர் நாலடி போய்த் திரும்பிப் பார்த்தார்.

"எம்மேல கோவமுங்களாக்கா?"

"இல்ல" என்றார்.

இந்தப் பயணத்துக்குப் பிறகு நான் மாமாவிடம் போய்ச் சொன்னேன். "சரி கண்ணு, உட்டுத்தள்ளு. இதை உங்கப்பங்கிட்டச் சொல்லாத" என்றார். அதற்குப் பிறகு எந்தத் தாளையும் என்னிடம் படிக்கக் கொடுத்ததில்லை. துறைத்தலைவருக்கும் எழுதினேன். அவர் அக்காவின் பெயரை மறுபடி சேர்த்தார். ஆனால் அதற்குள் அக்கா கேரளப் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், தமிழ் நோயாளிகளுக்கும் டாக்டர்களுக்கும் நடுவில் நிற்கும் வேலைக்குப் போய்விட்டார். அதன்பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

வால்பாறையில் அன்று மாலை நான்கு மணி பஸ்ஸில் என்னை ஏற்றிவிட்டு அக்கா போய்விட்டார். ஜன்னலோர இடம். தூறல் விழுந்துகொண்டிருந்தது. பஸ் நகர்ந்து கடைவீதி முனை திரும்பும்போது யாரோ பக்கவாட்டில் தகரத்தைப் படபடவென்று தட்டினார்கள். டிரைவர் பிரேக் போட்டார். குடையில்லாமல், நனைந்த தலையோடு, அக்கா என் ஜன்னலுக்குக் கீழே நின்றார். ஓடி வந்ததில் பேச முடியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, ஏர்றதுன்னா ஏறு" என்றார் கண்டக்டர்.

"ஏறல அண்ணே. ஒரு நிமிஷம்." என்னை நிமிர்ந்து பார்த்தார். "அம்மணி, கோவமில்லைன்னு சொன்னேன்ல. அது தப்பு. கோவம் இருந்துச்சு. இப்பவும் கொஞ்சம் இருக்கு."

"சரிங்க்கா" என்றேன்.

"போயிட்டு வா."

கண்டக்டர் விசில் கொடுத்தார். பொள்ளாச்சி வரும் வரை நான் அழுதுகொண்டே வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு வயதான அம்மா, "ஏனுங் கண்ணு, யாராச்சும் தவறிட்டாங்களா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று அவரிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.